கோபம் வருது, போகுது: பத்து நாள் விபாசனா பயிற்சி எப்படி?

முதலில் லீவுக் கணக்கு. விபாசனா என்பது மையத்தில் தங்கிச் செய்யும் தியானம். பெயர்தான் பத்து நாள் பயிற்சி. முதல் நாளுக்கு முந்தைய நாள் மாலைக்குள் போய்ப் பெயரைப் பதிந்துவிட வேண்டும். பதினோராம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். ஆக, காலண்டரில் பன்னிரண்டு நாள். திரும்பி வந்த மறுநாளே ஆபீஸில் போய் உட்காருவது சரிப்படாது என்பதால் பதின்மூன்றாகவே எழுதிக் கொடுங்கள். லீவு கிடைக்காமல் ஏழாம் நாள் கிளம்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் போகாமலிருப்பதே நல்லது. கடைசி வரை இருக்கச் சம்மதம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் இடமே தருகிறார்கள். அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

இங்கே பேசுவது எஸ்.என்.கோயங்கா (1924–2013) வழியில் நடக்கும் விபாசனா பற்றி. பர்மாவில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி வரை போய், கடைசியில் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கினிடம் வந்து சேர்ந்தவர். ஊ பா கின் துறவி அல்ல, சுதந்திர பர்மாவின் கணக்குத் துறைத் தலைவர். கோயங்கா 1969இல் இந்தியா வந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் இருப்பது தலைமை மையம். சென்னைக்காரர்களுக்குத் திருநீர்மலை தாண்டி, திருமுடிவாக்கம் பக்கம் தம்ம சேது. இலங்கையில் கண்டிக்கு அருகே தம்ம கூட. மலேசியாவில் பகாங் மாநிலத்தின் கம்பாங்கில் தம்ம மலாயா. எல்லா இடத்திலும் ஒரே பாடத்திட்டம், ஒரே ஒலிப்பதிவு. ஒரு மையத்தைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கட்டிலும் கொசுவும்தான் வேறுபடும்.

கட்டணம் கிடையாது. தங்கவும் சாப்பிடவும் காசு வாங்குவதில்லை. ஒரு பயிற்சியை முழுதாக முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள், அதுவும் அவர் விருப்பப்பட்டால். 'இலவசம்தானே' என்று கிளம்புகிறவர்களுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும், விலை வேறு விதத்தில் வசூலாகிறது.

சரி, இங்கே என்னதான் கிடைக்கிறது? மனசுக்குள் ஒன்று கொந்தளிக்கும்போது அதிலிருந்து ஓர் அடி பின்னே நகர்ந்து நின்று பார்க்கும் பழக்கம். பின்னே நகர்வது என்றதும் நமக்கு யோசனைதான் நினைவுக்கு வரும்: 'அவர் ஏன் அப்படிப் பேசினார், நாம் என்ன தப்பு செய்தோம், பத்து வருஷம் கழித்து இதெல்லாம் ஒரு விஷயமா' என்று அறிவால் தள்ளி நிற்பது. விபாசனா அந்த வழியில் போகவில்லை. கோபம் யார்மேல், எதற்காக என்ற கதையையே தொடாமல், அந்தக் கோபம் இந்த நிமிஷம் உடம்பில் எங்கே, எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. இந்தப் பயிற்சியின் பலமும் பலவீனமும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கின்றன.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. நாம் 'எனக்குக் கோபம் வருது' என்கிறோம். பசி வருகிற மாதிரி, தும்மல் வருகிற மாதிரி. கோபம் எங்கிருந்தோ வருகிறது, இருக்கிறது, போகிறது. 'எனக்கு' என்பவர் அது வந்து இறங்கும் இடம், அவ்வளவுதான். 'நான் கோபக்காரன்' என்று சொல்லும்போதுதான் அது நம்மோடு ஒட்டிக்கொள்கிறது. மேல்நாட்டு மனநல ஆலோசகர்கள் மெனக்கெட்டு வாக்கியம் அமைத்துக் கற்றுக்கொடுக்கும் இடைவெளி நம் வேற்றுமை உருபிலேயே இருக்கிறது. பயன்படுத்தத்தான் மறந்துவிட்டோம்.

அன்றாட அட்டவணையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30 முதல் 6:30 வரை தியானம், பிறகு காலைச் சிற்றுண்டி. 8 முதல் 11 வரை தியானம். 11 மணிக்குச் சாப்பாடு, சுத்த சைவம். 12 முதல் 1 வரை ஓய்வு. அந்த நேரத்தில் ஆசிரியரைத் தனியாகப் பார்த்துச் சந்தேகம் கேட்கலாம். 1 முதல் 5 வரை தியானம். 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பொரியோ பழமோ கிடைக்கும். முன்பே பயிற்சி முடித்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. 6 முதல் 7 வரை தியானம், அப்புறம் ஒன்றே கால் மணி நேரம் கோயங்காவின் பதிவுசெய்த உரை, மறுபடி 9 வரை தியானம், 9:30க்கு விளக்கணைப்பு. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்காருகிறீர்கள். பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது, சைகையும் கிடையாது. போன், புத்தகம், பேனா, ஜெபமாலை எதற்கும் அனுமதி இல்லை. யோகாசனமும் ஓட்டமும்கூடக் கூடாது, நடக்கலாம்.

பேனாவைப் பறிப்பதுதான் பலருக்குக் கோபம் தரும். காரணம் இருக்கிறது. எழுதத் தொடங்கினால் கதை தொடங்கும்; கதை தொடங்கினால் உடம்பு மறந்துபோகும்.

முதல் மூன்றரை நாள் ஆனாபான. மூச்சை இழுத்து விடும் பிராணாயாமம் அல்ல இது. இயல்பாக வந்துபோகும் மூச்சை வெறுமே கவனிப்பது. கவனிக்கும் இடம் நாளுக்கு நாள் சுருங்கும்: முதலில் மூக்கு முழுவதும், நான்காம் நாள் வரும்போது மூக்குத் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே மீசை அரும்பும் அந்தச் சிறு இடம் மட்டும். அந்த இடத்தில் காற்று உரசுவது, லேசான சூடு, நமைச்சல், ஈரம் எல்லாம் தெரியத் தொடங்கினால் போதும், கருவி தயார். 'ஒன்றும் தெரியவில்லையே' என்று மூச்சைப் பலமாக இழுப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. சில மூச்சுகள் வேண்டுமானால் சற்று அழுத்தமாக விடலாம். அதற்குமேல் போனால் தலை கிறுகிறுக்கும், கவனமும் கெடும்.

நான்காம் நாள் மதியம் விபாசனா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கவனத்தைப் பகுதி பகுதியாக நகர்த்த வேண்டும். எங்கே என்ன உணர்வு வந்தாலும் சரி; குறுகுறுப்பு, அழுத்தம், சூடு, துடிப்பு, மரத்துப்போதல், எல்லாமே கணக்கில் சேர்த்தி. எதுவும் தெரியாத இடத்தில் ஒரு நிமிஷம் போல நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பிடித்திருக்கிறதே என்று ஓரிடத்தில் தங்கவும் கூடாது, வலிக்கிறதே என்று ஓரிடத்தைத் தாண்டி ஓடவும் கூடாது.

இந்த இடத்தில் ஒரு சொல் நம்மைக் குழப்பும். உரையில் அடிக்கடி 'வேதனா' என்று வரும். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அது எந்த உணர்வையும் குறிக்கும். இதமானது, இதமற்றது, இரண்டும் இல்லாதது என மூன்று வகை. தமிழில் வேதனை என்றாலே வலிதான். இதனாலேயே 'வலியைத் தாங்கிக்கொள்ளும் பயிற்சி' என்று புரிந்துகொண்டு பல்லைக் கடிப்பவர்கள் உண்டு. பழந்தமிழ் பௌத்தர்கள் இதற்கு வைத்திருந்த சொல் இன்னும் துல்லியம். துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாகப் பிறக்கும் பன்னிரண்டு படிகளை, அதாவது பன்னிரு சார்புகளை, மணிமேகலை அடுக்கும்போது வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசைப்படுத்துகிறது. புலன் என்னும் வாயிலில் ஏதோ வந்து உறுகிறது, அது நுகர்வாகிறது, நுகர்வு வேட்கையாகிறது, வேட்கை பற்றாக இறுகுகிறது. விபாசனா வேலை செய்யும் இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில். நுகர்வை நிறுத்த முடியாது, வந்தே தீரும். அடுத்த படியில் கால் வைக்காமல் இருக்கலாம். பத்து நாளும் இந்த ஒன்றைத்தான் பழக்குகிறார்கள்.

அதை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதை முட்டிவலியை வைத்துப் பார்ப்பதுதான் சுலபம். நான்காம் நாளுக்குப் பிறகு கூட்டாக உட்காரும் மூன்று வேளையும் (காலை 8, மதியம் 2:30, மாலை 6) 'அதிட்டான' அமர்வு. ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கையைப் பிரிக்காமல், காலை மாற்றாமல் இருக்க முயல வேண்டும். முதல் கால் மணி சுகம். பிறகு முட்டியின் உட்பக்கத்தில் ஊசி முனை அளவு ஒரு சூடு தொடங்கும். பத்து நிமிஷத்தில் அது முட்டி முழுக்கப் பரவி, 'கால் போச்சு' என்று மனசு கூப்பாடு போடும். இப்போது சொல்லப்படும் வேலை: கூப்பாட்டை விட்டுவிட்டு வலிக்குள் போய்ப் பார். சூடா, அழுத்தமா, இழுப்பா? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதன் ஓரத்தைத் தேடினால் ஓரம் நகரும். நடுவில் உற்றுப் பார்த்தால் ஒரே பாறையாகத் தெரிந்தது துடிப்பு துடிப்பாக உடையும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ஒன்றுமில்லாத இடம்கூட இருக்கும். வலி குறைந்ததா? சில சமயம் குறையும், பல சமயம் குறையாது. ஆனால் வலி வேறு, 'ஐயோ' வேறு என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். மணி அடித்து எழுந்த இரண்டாவது நிமிஷம் வலி இருந்த சுவடே இருக்காது.

(எழுந்த பிறகும் வலி தொடர்ந்தாலோ, கால் மரத்தது மரத்தபடியே இருந்தாலோ அது பாடம் அல்ல, காயம். ஆசிரியரிடம் சொல்லி நாற்காலி கேளுங்கள். தருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பலன் குறையும் என்பதெல்லாம் வீண் ரோஷம்.)

இனி இதை வீட்டுக்குக் கொண்டுவருவோம். குடும்ப வாட்ஸப் குழுவில் மச்சான் ஒரு வார்த்தை விடுகிறார்: 'சிலருக்கெல்லாம் அம்மாவைப் பார்க்க நேரமே இருக்காது.' பெயர் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறார் என்பது குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். படித்த கணத்தில் முதலில் நடப்பது யோசனை அல்ல. காது மடல் சுடுகிறது, மேல்மூச்சு நெஞ்சோடு நிற்கிறது, தாடை இறுகுகிறது, கட்டைவிரல் தானாகத் தட்டச்சுப் பலகைக்குப் போகிறது. நுகர்வு, வேட்கை, இடையில் இரண்டு விநாடி. பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது மூன்றே காரியம். போனைத் திரை கீழாகக் கவிழ்த்து வைப்பது. மூன்று மூச்சு மூக்கு நுனியில் கவனிப்பது. பிறகு காது, தாடை, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகப் போய் அங்கே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. 'அவன் எப்படிச் சொல்லலாம்' என்ற வசனம் பின்னணியில் ஓடட்டும்; அதை நிறுத்தப் பார்த்தால் சத்தம் கூடும். உடம்பில் இருக்கும் சூடு சில நிமிஷங்களில் இறங்கத் தொடங்கும். மச்சானுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் அப்போது எழுதலாம். பதிலே சொல்லக்கூடாது என்று இந்த முறை சொல்லவில்லை. சூட்டோடு சூடாகச் சொல்லாதே என்கிறது.

தவறாகப் போகும் இடங்களும் இங்கேதான் உள்ளன. கவனிப்பதும் அடக்குவதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சோதனை எளிது: கவனிக்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், அடக்கும்போது மூச்சு நின்று தாடை கெட்டியாகும். தாடை இறுகியிருந்தால் நீங்கள் கவனிக்கவில்லை, கோபத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்னொன்று, ஐந்தாறு நாளில் சிலருக்கு உடம்பெங்கும் மெல்லிய அதிர்வு நீரோட்டம் போல ஓடும். அது கிடைத்த மறு அமர்விலேயே 'எங்கே காணோம்' என்று தேடத் தொடங்குவார்கள். வலியிலிருந்து ஓடக் கற்ற அதே கால்தான் இன்பத்தை நோக்கியும் ஓடுகிறது. உரையில் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிப்பார்கள், கேட்டும் எல்லோரும் ஒருமுறையாவது விழுவார்கள்.

மூன்றாவது தவறு கொஞ்சம் ஆபத்தானது. பழைய துக்கமோ பயமோ கிளம்பி நெஞ்சடைக்கும்போது, 'உள்ளே போய்ப் பார்' என்ற பாடத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நெஞ்சையே குடைவது. கொந்தளிப்பு அதிகமாக இருக்கையில் விரித்துப் பார்க்க முயலாமல் ஆனாபானவுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் கவனத்தைக் கை கால்களுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கண்ணைத் திறந்து வெளியே நடந்துவிட்டு, ஆசிரியரைப் பாருங்கள். நடுவில் கிளம்பக்கூடாது என்ற விதி இதனால்தான். ஐந்தாம் நாளில் கிளறிவிட்ட குளத்தோடு ரயில் ஏறுவதைவிட, தெளியும் வரை கரையில் இருப்பது பாதுகாப்பு. ஆனாலும் நிலை கைமீறுகிறது என்று உங்களுக்கே தோன்றினால் விதியைப் பார்க்காதீர்கள். தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கிளம்புங்கள்.

இந்தப் பயிற்சியில் நாங்கள் காணும் பெரிய குறை இங்கேதான். ஆசிரியரைப் பார்க்கும் நேரம் சில நிமிஷங்கள்தான், பதிலும் பெரும்பாலும் 'கவனியுங்கள், மாறும்' என்பதோடு முடியும். ஆரோக்கியமான மனசுக்கு அது போதும். நேற்றுத்தான் குடும்பத்தில் சாவைப் பார்த்தவருக்கு, மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்கு, பதற்ற நோய் உள்ளவருக்கு அது போதாது. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைப்பதில்லை என்று நடத்துபவர்களே சொல்கிறார்கள், விண்ணப்பத்திலும் உடல்நலம் மனநலம் இரண்டையும் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் பொய் எழுதி இடம் வாங்குவது முட்டாள்தனம். பயிற்சிக்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு மனநல உதவி வேண்டுமென்றால் டெலி மானஸ் எண் 14416. முதலில் அங்கே பேசுங்கள், தியானம் எங்கும் ஓடிவிடாது.

சின்னக் குறைகளும் உண்டு. கோயங்காவின் இழுத்து இழுத்துப் பாடும் குரல் முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். எட்டாம் நாள் அதற்காகவே காத்திருப்பீர்கள், அது வேறு விஷயம். வினை, மறுபிறவி பற்றிய விளக்கங்கள் உரையில் வரும். ஒப்புக்கொள்ள முடியாததை ஓரமாக வைத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் செய்துபார் என்று அவரே சொல்வார். ஓரம் வைக்கப்பட்டது பத்து நாளில் கொஞ்சம் குவிந்துவிடும் என்பதும் உண்மை. தமிழ் மொழிபெயர்ப்புப் பதிவு உண்டு, வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும்.

இன்னொரு பக்கவிளைவை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். திரும்பி வந்தவர் சமநிலை சமநிலை என்று சொல்லிக்கொண்டு, மனைவி அழும்போதுகூடத் தூணைப் போல உட்கார்ந்திருப்பார். தள்ளி நிற்க வேண்டியது தன் கொந்தளிப்பிலிருந்து. எதிரே இருப்பவரிடமிருந்து அல்ல.

பன்னிரண்டு நாள் கிடைக்காதவர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதற்றமான பேச்சுக்கு முன் 'நான்' என்று யோசித்தவர்களைவிடத் தன் பெயரையோ 'நீ' என்பதையோ வைத்துத் தனக்குள் பேசிக்கொண்டவர்கள் குறைவாகத் தடுமாறினார்கள். நாளை காலை மேனேஜரைப் பார்க்கப் போகுமுன் 'குமாருக்கு இப்போ என்ன பயம்?' என்று குமார் தன்னையே கேட்டுக்கொள்வது இதுதான். இரண்டு நிமிஷ வேலை, பயிற்சி தேவையில்லை. யோசனையில் சுற்றிச் சுற்றி மாட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். யோசிப்பதற்குள் கை ஓங்கிவிடுகிறவர்களுக்கு இது பிந்திப் போகும்; அவர்களுக்கு உடம்பு வழியாகப் போவதே வேகம். 1994 ஏப்ரலில் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை ஒரே பயிற்சியில் உட்காரவைத்தார் கோயங்கா. அங்கே இந்த முறையைத் தேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி தினமும் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். வேலைக்குப் போய்ப் பிள்ளையை ஸ்கூலில் விடுகிறவர்களால் இது பெரும்பாலும் முடிவதில்லை, 'முழுசாக முடியாவிட்டால் எதற்கு' என்று மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். காலையில் இருபது நிமிஷம், அதில் முதல் ஐந்து ஆனாபான. ராத்திரி படுக்கையில் ஐந்து நிமிஷம். விதிப்படி இது குறைவு, நின்றுபோவதைவிட மேல்.

எடுத்துப்போக: தளர்ந்த பருத்தி உடை ஏழு செட், துவைக்க சோப்பு, டார்ச், குடை, போன் இல்லாமல் எழுப்பும் சாதாரண அலாரம் கடிகாரம், கொசுவுக்கு வாசனையில்லாத களிம்பு, வழக்கமான மருந்துகள் பன்னிரண்டு நாளுக்கும் சேர்த்து. ஒரு தடித்த துண்டு அவசியம். அதை நான்காக மடித்துத் திண்டுக்கு மேல் போட்டு, இடுப்பு முட்டியைவிட நான்கு விரற்கடை உயரத்தில் இருக்கும்படி உட்காருங்கள். முட்டிவலியில் பாதி அங்கேயே தீரும். வீட்டில் அவசரமென்றால் அழைக்க மைய அலுவலக எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பதினோராம் நாள் காலையில் போன் கைக்கு வரும். கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஆன் செய்யாதீர்கள். பன்னிரண்டு நாள் செய்தியும் ஒரே மூச்சில் வந்து இறங்கும்போது முதலில் சுடுவது காது மடலா, நெஞ்சா என்று பார்க்க உட்கார ஓர் இடமாவது வேண்டும்.